சைக்கிள் கடை வில்பரும் தப்பான ஒரு எண்ணும்

அரக்கோணம் பக்கம் படிக்கிறவங்களுக்கு விமானச் சத்தம் புதுசு இல்ல. ஐ.என்.எஸ். ராஜாளி 1992 மார்ச்சில் தொடங்கினதுல இருந்து இந்த ஊர் வானம் சும்மா இருந்ததே கிடையாது. நம்ம சீனியர்களுக்கும் சீனியர்கள் ரஷ்யாவோட டியு-142 சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவங்க. 2017-ல அது ஓய்வு பெற்றுடுச்சு. இப்போ தலைக்கு மேல போறது போயிங் பி-8ஐ. அடுத்த தடவை அது போகும்போது றெக்கையைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. நல்லா நீளமா, ஒல்லியா இருக்கும். றெக்கை அகலமா குட்டையா இருக்கிறதைவிட நீளமா ஒல்லியா இருந்தா நல்லதுன்னு அளந்து பார்த்து உறுதி செய்தவர்களில் ஒருவர், காலேஜ் பக்கமே போகாத ஒரு சைக்கிள் கடைக்காரர். பேர் வில்பர் ரைட்.

ரைட் சகோதரர்கள்னு ஒரே மூச்சில சொல்லி, 1903 டிசம்பர் 17, 12 விநாடி, 120 அடின்னு ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிட்டு நாம எல்லாரும் அடுத்த பாடத்துக்குப் போயிட்டோம். அந்த 12 விநாடிக்கு முன்னாடி நாலு வருஷம் அவங்க கட்டினது எல்லாமே ஏதோ ஒரு விதத்துல தப்பாப் போயிட்டு இருந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தப்புகளைப் பற்றித்தான். அண்ணன் வில்பர் பக்கம் நின்னு சொல்றேன், ஏன்னா தம்பி ஆர்வில் 1948 வரைக்கும் இருந்து தன் கதையைத் தானே சொல்லிட்டார். வில்பருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கல.

1867 ஏப்ரல் 16-ல அமெரிக்காவின் இண்டியானாவில் பிறந்தவர். அப்பா மில்டன் கிறிஸ்தவ பிஷப். அம்மா சூசன் வண்டி செய்கிற பட்டறைக்காரரின் மகள். வீட்டில் உடைஞ்ச சாமானைச் சரி பண்றது, பிள்ளைகளுக்கு பொம்மை செஞ்சு தர்றது எல்லாம் அம்மாதான். 1878-ல அப்பா ஊரில் இருந்து வரும்போது ரப்பர் பேண்டில் பறக்கிற ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தார். பையன்கள் அதே மாதிரி செஞ்சு பறக்க விட்டாங்க. அடுத்து கொஞ்சம் பெருசா செஞ்சாங்க, சரியா பறக்கல. இன்னும் பெருசா செஞ்சாங்க, சுத்தமா பறக்கல. அளவை இரண்டு மடங்காக்கினா தேவைப்படுற சக்தி இரண்டு மடங்கோட நிக்காதுன்னு அந்த வயசுல யாருக்குத் தெரியும்? பொம்மையை மூலையில போட்டுட்டு பட்டம் விடப் போயிட்டாங்க.

வில்பர் நல்லாப் படிக்கிற பையன். யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம்னு வீட்டில் பேச்சு இருந்தது. 1885-86 குளிர்காலத்துல ஐஸ் மேல ஹாக்கி விளையாடும்போது மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போச்சு. அதோட இதயப் படபடப்பும் சேர்ந்துகிட்டது. படிப்பு நின்னுபோச்சு. காசநோயில் படுத்திருந்த அம்மாவைக் கவனிச்சுகிட்டு, அப்பாவோட புத்தக அலமாரியைப் படிச்சுகிட்டு, மூணு வருஷத்துக்கு மேல வீட்டுக்குள்ளேயே இருந்தார். 1889-ல அம்மா இறந்தாங்க. தம்பியோடு சேர்ந்து அச்சுக்கூடம், 1892-ல டேட்டன் நகரத்துல சைக்கிள் கடை, 1896-ல சொந்த பிராண்டுல சைக்கிள்.

அதே 1896-ல ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் இறந்துபோனார். மலைச்சரிவில் இருந்து கிளைடரோடு குதிச்சு கிட்டத்தட்ட 2,000 தடவை பறந்தவர், ஒரு நாள் காற்று தூக்கிப் போட்டதில் முதுகெலும்பு உடைஞ்சு அடுத்த நாள் உயிர் போச்சு. வில்பருக்குப் பறக்கும் ஆசை திரும்ப வந்தது அந்தச் செய்தியால்தான். இந்த வேலையில் தப்பு பண்ணினா என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் அவர் உள்ளே வந்தார். 1899 மே 30-ல ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பறப்பது பற்றி என்னென்ன புத்தகம் இருக்குன்னு கேட்டார். லிலியந்தால் அளந்து வெச்ச அட்டவணைகள் அவர் கைக்கு வந்தது அப்படித்தான்.

அந்த வருஷம் ஜூலையில் கடையில் சைக்கிள் ட்யூப் வந்த அட்டைப் பெட்டியைக் கையில் வெச்சு முறுக்கிகிட்டே இருந்தவருக்கு, றெக்கையையும் இதே மாதிரி முறுக்கினா இடது வலது பக்கம் சாயாம சமாளிக்கலாம்னு தோணிச்சு. ஐந்தடி பட்டத்துல செஞ்சு பார்த்தார், வேலை செஞ்சது. இது வரைக்கும் எல்லாம் சுகம்.

1900 செப்டம்பர். காற்று நல்லா அடிக்கிற மணல்மேடு வேணும்னு நார்த் கரோலினாவின் கிட்டி ஹாக்குக்குக் கிளம்பினார். றெக்கைக்கு 18 அடி மரச்சட்டம் வழியில் நார்ஃபோக் ஊரில் வாங்கிக்கலாம்னு திட்டம். ஊரெல்லாம் தேடியும் 16 அடி பைன் மரம்தான் கிடைச்சது. றெக்கைத் துணியோ 18 அடிக்கு வெட்டித் தெச்சு எடுத்துட்டு வந்தாச்சு. பட்ஜெட்டைப் போட்டுட்டு கடைசி நேரத்துல பாகம் கிடைக்காம அலைஞ்ச ப்ராஜெக்ட் டீம்களுக்கு இந்த வலி புரியும். வில்பர் 16 அடியையே வாங்கினார். கிட்டி ஹாக்கில் தங்க இடம் கொடுத்த டேட் குடும்பத்தின் தையல் மிஷினில் உட்கார்ந்து துணியை வெட்டித் திரும்பத் தெச்சார். றெக்கைப் பரப்பு 200 சதுர அடியில் இருந்து 165 ஆச்சு. கிளைடர் பறந்தது, ஆனா கணக்குப் போட்ட அளவுக்குத் தூக்கல. பரப்பு குறைஞ்சதுதான் காரணம்னு ஓரளவு மனசைத் தேத்திக்க முடிஞ்சது. ஊருக்குத் திரும்பும்போது கிளைடரை மணலிலேயே விட்டுட்டாங்க. டேட் வீட்டம்மா அந்தச் சாட்டின் துணியைக் கழட்டி ரெண்டு மகள்களுக்கும் கவுன் தெச்சுக் கொடுத்துட்டாங்க. உலகத்திலேயே காற்றில் பறந்துட்டு வந்த துணியில் கவுன் போட்ட முதல் பிள்ளைகள் அவங்களாத்தான் இருக்கணும்.

1901-ல நொண்டிச்சாக்குக்கே இடம் இல்லாம பெருசாக் கட்டினாங்க. றெக்கை 22 அடி நீளம், 7 அடி அகலம், பரப்பு 290 சதுர அடி. வளைவும் லிலியந்தால் அட்டவணை சொன்ன மாதிரியே. அதுவரைக்கும் யாரும் ஏறிப் பறக்காத அளவு பெரிய கிளைடர். விளைவு? கணக்குச் சொன்ன தூக்குவிசையில் மூணுல ஒரு பங்குதான் வந்தது. போன வருஷத்தைவிட மோசம். ஒரு தடவை மூக்கு மேல தூக்கி வேகம் செத்து அந்தரத்தில் நின்னுடுச்சு. லிலியந்தாலைக் கொன்னது இதே நிலைதான். எலிவேட்டரை வாலில் வைக்காம முன்பக்கம் வெச்சிருந்ததால தலைகுப்புற விழாம தட்டையா இறங்கிச்சு, வில்பர் பிழைச்சார். இன்னொரு நாள் முன்னாடி போய் மோதி மூக்கில் அடி. இது போதாதுன்னு புதுசா ஒண்ணு: இடது பக்கம் திரும்ப றெக்கையை முறுக்கினா, சில சமயம் கிளைடர் வலது பக்கம் மூக்கைத் திருப்பிச்சு. அவங்க சொந்தக் கண்டுபிடிப்புன்னு பெருமைப்பட்ட விஷயமே தப்பாப் போகுது. மழை, அதுக்கப்புறம் கொசு, அதுக்கப்புறம் காய்ச்சல். ஊருக்குத் திரும்புற ரயிலில், நம்ம ஆயுசுக்குள்ள மனுஷன் பறக்கப்போறதில்லைன்னு தம்பிகிட்ட விரக்தியாச் சொல்லிட்டு வந்தார் வில்பர்.

அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுக்கு அடுத்து வர்ற மூணு மாசம்தான்.

சிகாகோவில் இருந்த மூத்த எஞ்சினியர் ஆக்டேவ் ஷனூட், எங்க சங்கத்துல வந்து பேசுன்னு கூப்பிட்டார். வில்பருக்கு இஷ்டமே இல்ல. தங்கச்சி கேத்தரின் விடல, நச்சரிச்சு ஒத்துக்க வெச்சா. தம்பியோட சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுகிட்டு 1901 செப்டம்பர் 18 அன்னைக்கு எழுபது எண்பது எஞ்சினியர்கள் முன்னாடி நின்னு, லிலியந்தால் அட்டவணையில் ஏதோ தப்பு இருக்குன்னு சொல்லிட்டு வந்தார். வந்த பிறகு அரிப்பு. செத்துப்போன ஒரு மேதையைத் தப்புன்னு பொதுவுல சொல்லியாச்சு. ஒருவேளை தப்பு நம்ம மேலே இருந்தா?

தப்பு யார் மேலன்னு பார்க்க அவர் தொட்ட முதல் சாமான் ஒரு சைக்கிள். ஹேண்டில்பார் முன்னாடி இன்னொரு சக்கரத்தைப் படுக்கை வசத்துல பொருத்தி, அதோட விளிம்பில் ஒரு பக்கம் குட்டி றெக்கை, இன்னொரு பக்கம் தட்டைத் தகடு. சைக்கிளை வேகமா மிதிச்சா எது எதை ஜெயிக்குதுன்னு சக்கரம் சுத்துறதுல தெரிஞ்சிடும். அட்டவணைப்படி சமமா நிக்கணும், நிக்கல. ஆனா தெருக்காற்று நிலையா இருக்காதே? அதனால ஆறடி நீளத்துல, 16 அங்குல சதுரத்துல ஒரு மரப்பெட்டி செஞ்சாங்க. கடையில் ஓடுற எஞ்சின் ஷாஃப்ட்டில் இருந்து பெல்ட் போட்டு ஒரு ஃபேன். உள்ளே ரம்பப் பிளேடையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் வெச்சுச் செஞ்ச தராசு. தகரம் வெட்டுற கத்தரியால் தகட்டை வெட்டி, சுத்தியால் தட்டி வளைச்சு, இருநூறு வகைக் குட்டி றெக்கைகள். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா அளந்தாங்க. அளக்கும்போது அறையில் வேற யாரும் நடமாடக்கூடாது. ஆள் நின்னாலே காற்று மாறிடும்.

விடை வந்தது. லிலியந்தால் அட்டவணை அவர் அளந்த றெக்கை வடிவத்துக்குப் பெரும்பாலும் சரிதான். தப்பு வேற இடத்துல. தூக்குவிசைச் சூத்திரத்துல காற்றழுத்தத்துக்கு ஒரு மாறிலி வரும். 1759-ல ஜான் ஸ்மீட்டன் என்ற பிரிட்டிஷ் எஞ்சினியர் கட்டுரையில் வந்த எண், 0.005. நூற்றிநாற்பது வருஷமா எல்லாரும் அதையே எடுத்துப் போட்டு வந்தாங்க. உண்மையில் அது கிட்டத்தட்ட 0.0033. அந்த ஒரு எண்ணை மாத்தினாலே கணக்குல வர்ற தூக்குவிசை மூணுல ரெண்டு பங்கா இறங்கிடும். இது எப்படின்னா, கைடில் இருக்கிற விடையை நாலு பேட்ச் பசங்க அப்படியே காப்பி அடிச்ச மாதிரி. ஸ்மீட்டன் எண்ணைச் சந்தேகப்பட்டவங்க முன்னாடியும் இருந்தாங்க, ஆனா அந்த எண்ணாலதான் விமானம் பறக்கலன்னு பெட்டி செஞ்சு பார்த்தது இந்த ரெண்டு பேர்.

மிச்சப் பழி அவங்க மேலேயே இருந்தது. லிலியந்தால் அட்டவணை நீளமான, நுனி கூரான றெக்கைக்கு. அதைக் குட்டை றெக்கைக்குப் போட்டா எப்படிப் பொருந்தும்? பெட்டிக்குள்ள அளந்தப்போ நீளமான ஒல்லி றெக்கை அதே பரப்புக்கு அதிகம் தூக்கிச்சு. 1902 கிளைடரின் றெக்கை 32 அடி நீளம், 5 அடி அகலம். கணக்கு போட்டபடி தூக்கிச்சு.

திசை மாறித் திரும்புற வியாதி மட்டும் போகல. நிலையா ஒரு வால் வெச்சுப் பார்த்தாங்க, இன்னும் ஆபத்தாச்சு. கிளைடர் ஒரு பக்கம் சரிஞ்சு, சரிஞ்ச பக்கமே சுழன்று மணலில் போய் குத்தும். கிணறு தோண்டுறதுன்னு அதுக்குப் பேர் வெச்சுட்டாங்க. ஒரு ராத்திரி காபி அதிகமாக் குடிச்சுட்டுத் தூக்கம் வராம படுத்திருந்த ஆர்விலுக்கு, அந்த வால் அசையணும்னு தோணிச்சு. காலையில் சாப்பிடும்போது இன்னொரு அண்ணன் லோரினைப் பார்த்துக் கண்ணடிச்சுட்டு விஷயத்தைச் சொன்னார். தம்பி ஐடியா சொன்னா அது எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்றது வில்பர் வழக்கம், இன்னைக்கும் அதையே சொல்வார்னு எதிர்பார்ப்பு. வில்பர் ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அப்படின்னா அந்த வாலை றெக்கை முறுக்குற கம்பியோடவே இணைச்சுடலாம், பறக்கிறவனுக்கு ஒரு வேலை குறையும்னார். அந்த சீசன் முடியறதுக்குள்ள நூற்றுக்கணக்குல பறந்து பார்த்தாங்க, அதிகபட்சம் 622 அடிக்கு மேல.

எஞ்சின் கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டு ஒண்ணும் நடக்கல. கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்துல நாலு சிலிண்டர் எஞ்சின் கட்டினார். 1903 பிப்ரவரி சோதனையில் பேரிங் இறுகி, அலுமினிய பாடி உடைஞ்சுபோச்சு. புது காஸ்டிங் வர ஏப்ரல் ஆச்சு. ப்ரொப்பெல்லருக்குக் கப்பல் எஞ்சினியர்களிடம் சூத்திரம் இருக்கும்னு நம்பிப் போனா, அப்படி ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் அதுக்காகக் கத்திக் கத்திச் சண்டை போடுவாங்க. கடைசியில பார்த்தா அண்ணன் சொன்னதைத் தம்பியும் தம்பி சொன்னதை அண்ணனும் பேசிட்டு இருப்பாங்க. சுத்துற றெக்கைதான் ப்ரொப்பெல்லர்னு முடிவுக்கு வந்தது அப்படித்தான். கிட்டி ஹாக்குக்குப் போன பிறகு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு தடவை கெட்டு, டேட்டனுக்கு அனுப்பி, திரும்பி வந்தது மறுபடி விரிசல். ஆர்வில் தானே ரயில் ஏறிப்போய் கனமான எஃகுக் கம்பியில் புது ஷாஃப்ட் செஞ்சு எடுத்துட்டு வந்தார். ஸ்ப்ராக்கெட் லூஸ் ஆகிட்டே இருந்ததுக்கு சைக்கிள் டயர் ஒட்டுற சிமெண்ட்டைப் போட்டு இறுக்கினாங்க. மூணு வருஷ சைக்கிள் கடை அனுபவத்தை எந்தப் பாடப்புத்தகத்துக்கும் மாத்திக்க மாட்டேன்னு எனக்கே தோணுது.

டிசம்பர் 14. காசு சுண்டினாங்க, வில்பர் ஜெயிச்சார். உலகத்தின் முதல் விமானி அவராகவே இருந்திருக்கணும். தண்டவாளத்தை விட்டு எழும்பின உடனே எலிவேட்டரை அதிகமாத் தூக்கிட்டார். மூக்கு மேல போச்சு, வேகம் செத்தது, மூணரை விநாடியில் மணலில் உட்கார்ந்தது. முன்பாகம் உடைஞ்சது. காற்று மேலயோ மிஷின் மேலயோ பழி போடாம, தான் தூக்கினது தப்புன்னு வீட்டுக்கு எழுதிட்டார். மரத்தைச் சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு. 17-ஆம் தேதி முறை தம்பியுடையது. ஒரு மார்க் கேள்வியில் ஆர்வில் பேர் வந்தது அதனாலதான். அன்னைக்கு நாலாவது தடவை வில்பர் 59 விநாடி, 852 அடி பறந்தார். அதுக்கப்புறம் அடிச்ச காற்றில் விமானம் உருண்டு நொறுங்கிச்சு, திரும்பப் பறக்கவே இல்ல. அப்பாவுக்குப் போன தந்தியில் 59 விநாடி 57 ஆயிடுச்சு, ஆர்வில் பேரிலும் எழுத்துப்பிழை.

1904, 1905-ல ஊர்ப்பக்கம் ஹஃப்மன் மேய்ச்சல் நிலத்துல மறுபடி விழுந்து எழுந்து, எலிவேட்டரைப் பெருசாக்கி இன்னும் முன்னாடி தள்ளி, ரட்டரைத் தனி லீவருக்கு மாத்தி, 1905 அக்டோபர் 5-ல வில்பர் 39 நிமிஷத்துல 24 மைல் சுத்தினார். நல்லா கவனிங்க: 1902-ல அவரே காலைச் சாப்பாட்டுல சொன்ன இணைப்பை, வேலைக்கு ஆகலன்னு தெரிஞ்சதும் அவங்களே பிரிச்சுட்டாங்க. பேட்டர்ன் திருடு போயிடும்னு பயந்து அதுக்கப்புறம் ரெண்டரை வருஷம் பறக்கவே இல்ல. 1908 மே மாசம் திரும்ப ஆரம்பிச்சப்போ உட்கார்ந்து ஓட்டுற புது லீவர்கள். 14-ஆம் தேதி வில்பர் லீவரைத் தப்பா அசைச்சு விமானத்தை மண்ணில் இறக்கினார். அதோட நேரா பிரான்ஸ்.

அங்கே பெட்டிகளைத் திறந்தா உள்ளே எல்லாம் நொறுங்கிக் கிடக்கு. வில்பர் கோபம் தலைக்கேறி, பேக்கிங் பண்ணத் தெரியாதான்னு தம்பிக்குக் காட்டமா ஒரு கடிதம் போட்டார். குற்றவாளி தம்பி இல்ல, துறைமுகத்துல பெட்டியைப் பிரிச்ச பிரெஞ்சு சுங்கக்காரங்க. எண்ணைத் தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி இருநூறு றெக்கை அளந்த மனுஷன், தம்பியைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு விசாரணைகூடப் பண்ணல. ஆறு வாரம் தனியா உட்கார்ந்து திரும்பக் கட்டினார். நடுவுல ரேடியேட்டர் குழாய் கழண்டு கொதிதண்ணி கையிலும் விலாவிலும் கொட்டிச்சு. ஆகஸ்ட் 8-ல லெ மான் பக்கத்துல குதிரைப் பந்தய மைதானத்தில் ஒண்ணே முக்கால் நிமிஷம் வட்டமடிச்சு இறங்கினார். அதுவரைக்கும் அவங்களைப் புளுகர்கள்னு எழுதின பிரெஞ்சு பத்திரிகைகள் அடுத்த நாளே மன்னிப்பு கேட்டுத் தலைப்பு போட்டது.

செப்டம்பர் 17-ல அமெரிக்காவில் ஆர்வில் ராணுவத்துக்குப் பறந்து காட்டும்போது ப்ரொப்பெல்லர் பிளந்து, கம்பியில் மாட்டி, விமானம் விழுந்தது. கூட இருந்த லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் விமானத்துல போன முதல் உயிர். ஆர்விலுக்கு எலும்புகள் முறிஞ்சுது. நான் கூட இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு வில்பர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கிட்டார். நாலு நாள் கழிச்சு அவர் பிரான்ஸில் ஒன்றரை மணி நேரம் பறந்து காட்டினார். அந்த வருஷக் கடைசி நாள்ல ரெண்டு மணி இருபது நிமிஷம்.

இந்த அலை நம்ம பக்கமும் வந்தது. 1909-ல ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டின செய்தி கேட்டு, மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தின ஜாகோமோ டி ஆஞ்சலிஸ் சிம்ப்சன் கம்பெனிப் பட்டறையில் விமானம் செய்ய வெச்சு, 1910-ல பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். ஏரோநாட்டிக்ஸ் எடுத்த பசங்களிலேயே எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்? அவரைப் பற்றி ஒருத்தர் தனியா எழுதணும்.

வில்பர் அந்த நேரத்துல பறக்கிறதை விட்டுட்டு கோர்ட்டுக்கு அலைஞ்சிட்டு இருந்தார். 1906-ல வாங்கின காப்புரிமை, றெக்கையை எந்த வழியில் திருப்பினாலும் எங்களுக்குச் சேரும்னு அவங்க வாதம். 1909-ல இருந்து வழக்கு மேல வழக்கு. வாரிக் கொடுத்து உதவின ஷனூட்கிட்டயும் இதனாலேயே உறவு கசந்துபோச்சு. அவர் 1910-ல இறக்கும்போதும் பழைய நெருக்கம் திரும்பல. என் கணக்குல வில்பர் பண்ணின பெரிய தப்பு இதுதான். 18 அடி மரத்துக்கு 16 அடியை ஏத்துக்கத் தெரிஞ்சவருக்கு இங்கே ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கத் தெரியல. புது வடிவமைப்பு நின்னுபோச்சு. ஐரோப்பாக்காரங்க முன்னாடி போயிட்டாங்க. 1917-ல அமெரிக்கா உலகப்போருக்குள்ள வந்தப்போ அதன் விமானிகள் பெரும்பாலும் பிரெஞ்சு விமானங்களில் ஏறித்தான் சண்டை போட்டாங்க. அந்த வருஷம்தான் அரசாங்கம் தலையிட்டு எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே குளத்துல போட வெச்சது.

வில்பர் அதைப் பார்க்கல. 1912-ல வழக்கு வேலையா அலைஞ்ச இடத்துல டைஃபாய்டு பிடிச்சுது. வயசு 45, கல்யாணம் ஆகல. ஸ்மித்சோனியனுக்குப் புத்தகம் கேட்டு எழுதின அதே மே 30, சரியாப் பதிமூணு வருஷம் கழிச்சு, அதிகாலையில் டேட்டன் வீட்டில் இறந்தார். பக்கத்துல 83 வயசு அப்பா இருந்தார். ரெண்டு வருஷம் முன்னாடி, 81 வயசுல, அந்த அப்பாவை ஆர்வில் விமானத்தில் ஏத்திச் சுத்திக் காட்டியிருந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரே விமானத்தில் பறந்ததும் அந்த ஒரு நாள்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல செத்துடக்கூடாது, ஒருத்தன் மிச்சம் இருந்து வேலையை முடிக்கணும்னு அதுவரைக்கும் தனித்தனியாத்தான் ஏறிட்டு இருந்தாங்க.